காகம் தொடாத பாண்

திருகோணமலைக் காகத்தை நம்பி முற்றத்தில் ஒரு மீன் துண்டைக்கூட வைக்க முடியாது. துறைமுகத்துக் கப்பல்களில் தின்று பழகிய சாதி அது. கருவாடு, அப்பளம், பிள்ளையின் கையில் இருக்கிற பிஸ்கற் எதையும் விடாது. சவர்க்காரத்தைக்கூடத் தூக்கிக்கொண்டு போய்க் கூரையில் வைத்துக் கொத்திப் பார்க்கும். அப்படிப்பட்ட காகங்கள், ஒரு வீட்டுக் குசினிச் சுவர்க் குந்தில் ஆறவைத்த பாணை மட்டும் நாலு வருஷமாகத் தொடவில்லை என்றால் யார் நம்புவார்கள்? மனையாவெளிச் சனம் நம்பியது. வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, கண்ணால் கண்ட பிறகு நம்பாமல் என்ன செய்வது?

அது இராசமலரின் வீட்டுப் பாண். இராசமலர் மிளகாய்த்தூள் இடித்துக் கொடுக்கிறவள். செத்தல் மிளகாயை வறுத்து, மல்லி சீரகம் சேர்த்து, உரலில் இடித்து, அரிதட்டில் அரித்து, வீடுவீடாகக் கொடுப்பாள். பதினைந்து வருஷம் இடித்ததில் காரம் அவள் கைரேகைக்குள்ளேயே இறங்கிவிட்டது. எத்தனை சவர்க்காரம் போட்டாலும் போகாது. அவள் கழுவி வைத்த கோப்பையில் தேத்தண்ணி குடித்தால் உதடு எரியும் என்று ஊரில் பகிடி பண்ணுவார்கள். அவளும் சிரிப்பாள். அவளுடைய புருஷன் சின்னராசாவுக்கு அபூதாஹிர் முதலாளியின் பேக்கரியில், பாண் சுடுகிற போறணை அடுப்பில் வேலை. ஒருவர் வெள்ளை மாவிலும் மற்றவர் சிவப்புத் தூளிலும் குளித்துவிட்டு வந்து ஒரே பாயில் இருந்து சாப்பிட்டார்கள். பிள்ளைகள் இல்லை. சின்னராசாவின் தமக்கை குணேஸ்வரி, இளவயதில் புருஷனைப் பறிகொடுத்தவள், அவர்களோடுதான் இருந்தாள்.

தொண்ணூறாம் ஆண்டு ஆவணி மாதம் ஒரு காலையில் ஆமியின் சுற்றிவளைப்பு நடந்தது. ஆம்பிளைகள் எல்லோரையும் விளையாட்டுத் திடலுக்கு வரச் சொல்லி வரிசையில் நிறுத்தினார்கள். சாக்கால் முகம் மூடிய தலையாட்டி ஒருவன் ஒவ்வொருவர் முன்னாலும் வந்து நின்றான். அவன் தலை ஆடினால் லொறி, ஆடாவிட்டால் வீடு. சின்னராசா பேக்கரியிலிருந்து நேரே வந்தவர், தலைமயிரில் மா அப்படியே இருந்தது. அவர் முன்னால் தலையாட்டி கொஞ்ச நேரம் நின்று யோசித்துவிட்டுத்தான் ஆட்டினான் என்று பக்கத்தில் நின்றவர்கள் வந்து சொன்னார்கள். அந்த யோசனையைப் பிடித்துக்கொண்டுதான் இராசமலர் உயிர் வாழ்ந்தாள். யோசித்து ஆட்டியவன் யோசித்து மாற்றியும் சொல்லலாம் அல்லவா?

அவள் ஆமி முகாம் வாசலுக்கு நடக்கத் தொடங்கினாள். திங்கள் போனாள், செவ்வாய் போனாள், மழையிலும் போனாள். வாசலில் தமிழ் தெரிந்த ஒருவர் எப்போதும் இருப்பார். பேரைச் சொல்லி முடிக்கும் முன்னமே பதில் வந்துவிடும். அப்படி ஆள் இங்கே இல்லை. எந்த ஏட்டையும் புரட்டிப் பார்க்காமல் வருகிற அந்த ‘இல்லை’யைக் கேட்டுவிட்டு, அடுத்த நாளும் போவாள். நாலு மாதத்தில் இரண்டு சோடிச் செருப்புத் தேய்ந்தது.

வீட்டில் மத்தியானத்தில் சின்னராசாவின் பங்கை எடுத்து, அவருடைய கதிரைக்கு முன்னால் மேசையில் மூடி வைப்பாள். வேலையால் பிந்தி வருகிறவருக்கு எந்த வீட்டிலும் செய்கிறதுதான். ஆனால் குணேஸ்வரி ஒரு நாள் வாசலில் நின்று அதைப் பார்த்து நெஞ்சைப் பிடித்தாள். ஆள் இல்லாத இடத்தில் சோறு வைத்தால் அதற்குப் பேர் படையல் என்றாள். படையலை உயிரோடு இருக்கிறவனுக்கு வைக்கிறதில்லை, வைக்கிறதென்றால் முறையாக வைக்க வேண்டும் என்றாள். அவளுக்குத் தம்பி போய்விட்டான் என்பதில் முதல் நாளிலிருந்தே சந்தேகம் இல்லை. ஐயரிடம் போய், செத்தவருக்குச் செய்கிற அந்தியேட்டிக்கு வேண்டிய சாமான் சீட்டையும் எழுதி வாங்கிவந்து சுவாமி அறையில் வைத்திருந்தாள். செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டால் ஆவி பசியோடு அலையும் என்பது அவளுடைய பயம். தம்பி சின்ன வயதிலேயே பசி தாங்க மாட்டான் என்று சொல்லிச் சொல்லி அழுவாள்.

இராசமலர் அழவில்லை. சுவாமி அறைக்குப் போய்ச் சீட்டை எடுத்து வாசித்தாள். பச்சரிசி, அரிசிமா, எள்ளு, உளுந்து, பயறு, நவதானியம் ஒரு சரை. நவதானியத்துக்குள் கோதுமையும் வந்துவிடுகிறது, ஆகவே முதலாளியின் பேக்கரிப் பாணும் சரிவராது. செத்தவனுக்குப் படைக்கிற தானியம் ஒன்றுகூட இல்லாத சாப்பாடு எதுவோ அதுதான் இனி அவருடைய பங்கு என்று முடிவு கட்டினாள். பிடிவாதத்துக்கு மருந்து இல்லை. கச்சான், அதுதான் வேர்க்கடலை, சீட்டில் இல்லைதான், ஆனாலும் அது பயறுக்குச் சொந்தக்காரன் போல முகம் காட்டுகிறது என்று ஒதுக்கினாள். மிஞ்சினது இரண்டு. ஒன்று, கிண்ணியாவிலிருந்து சித்தி பரீதா என்கிற வியாபாரப் பெண் கொண்டுவந்து விற்கிற கஜு, முந்திரிப்பருப்பு. மற்றது, துறைமுக வீதி நெடுக விழுந்து கிடக்கிற கொட்டங்காய். நாட்டு வாதுமை என்று புத்தகத்தில் போடுவார்கள். காய்ந்த காயைக் கல்லில் வைத்து உடைத்தால் உள்ளே சின்னவிரல் நுனியளவு பருப்பு இருக்கும். நூறு காய் உடைத்தால் ஒரு பிடி வரும். நூறு நூறாக உடைத்தாள்.

போறணைக்காரனின் பெண்சாதி என்றபடியால் அவளுக்குப் பாண்தான் வேண்டும், புட்டோ களியோ அல்ல. முதல் வெள்ளிக்கிழமை வந்தது பாண் இல்லை, எண்ணெய் கக்கின கட்டி. பருப்பைச் சூட்டோடு இடித்தால் அப்படித்தான் கக்கும். ஆறவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக இடித்து, அரித்து, கட்டியை மறுபடி வெயிலில் போட வேண்டும் என்பது மூன்று வெள்ளி பழுதான பிறகு பிடிபட்டது. பருப்புமாவுக்குப் பிசின் இல்லை, எழும்பாது. அதற்கு முட்டை வெள்ளைக்கருவை நுரைக்க அடித்து, பக்கத்து வீட்டுத் தயிரும் அப்பச்சோடாவும் சேர்த்தார்கள். முட்டை சேர்ந்ததில் இராசமலருக்கு இன்னொரு திருப்தி. ஐயர் வைக்கிற படையலில் முட்டை எங்கே இருக்கிறது? அபூதாஹிர் முதலாளி சின்னராசா பாவித்த தகர அச்சு ஒன்றைக் கொடுத்தனுப்பினார். மணல் போட்ட சட்டிக்குள் அந்த அச்சை இறக்கி, மேலே தகரம் மூடி, தகரத்தின் மேல் சிரட்டைத் தணல் பரப்பினால் மேலும் கீழும் சூடு பிடித்துப் பாண் வேகும்.

ஒரே ஒரு இடைஞ்சல். இராசமலரின் கை பட்டால் மா உறைக்கும். ஆகவே முதல் வெள்ளியிலிருந்தே நெருப்பும் உடைப்பும் அவளுக்கு, இடிப்பதும் குழைப்பதும் குணேஸ்வரிக்கு. அவ்வளவு நாளும் மல்லுக்கு நின்ற மச்சாள், இதைக் கேட்டதும் மறுபேச்சில்லாமல் சீலையை இடுப்பில் செருகிக்கொண்டு தனி உரலில் குந்தினாள். மச்சாள் மனம் இரங்கிவிட்டாள் என்று இராசமலருக்குப் பெரிய ஆறுதல்.

நாலாவது வெள்ளி பாண் எழும்பியது. பொன் நிறத்தில், நெய் வாசனையோடு. சூட்டோடு வெட்டினால் உதிர்ந்துவிடும் என்பதால் குசினிக் குந்தில் ஆறவைத்தார்கள். அப்போதுதான் காகங்கள் வந்தன. பத்துப் பன்னிரண்டு இருக்கும். இராசமலர் தடி எடுக்கப் போனாள், தேவைப்படவில்லை. ஒன்று முன்னால் தத்தி வந்து, பாணுக்கு ஒரு சாண் தூரத்தில் நின்று, தலையைச் சரித்து ஒரு கண்ணால் பார்த்தது. மற்றக் கண்ணாலும் பார்த்தது. பிறகு பின்பக்கமாகவே நடந்துபோய் மதிலில் ஏறியது. பின்பக்கமாக நடக்கிற காகத்தை இரண்டு பெண்களும் அன்றைக்குத்தான் கண்டார்கள்.

உச்சிப்பொழுதில் ஒரு துண்டை வெட்டி அவருடைய கதிரைக்கு முன்னால் வைத்தார்கள். காகங்கள் மதிலில் வரிசையாக இருந்தன. ஒன்றும் கரையவில்லை. மேற்கேயிருந்து கச்சான் காற்று அடிக்கிற காலத்தில்கூட அந்த அரை மணி நேரம் தென்னோலை அசைகிற சத்தம் கேட்காது. பொழுது திரும்பியதும் இராசமலர் அந்தத் துண்டை எடுத்து மச்சாளுக்குப் பாதி கொடுத்துத் தானும் தின்பாள். வராதவரின் பங்கை வீட்டில் உள்ளவர்கள் தின்பது வழக்கம், படையல் என்றால் அது காகத்துக்கு. வெள்ளி தவறாமல் இப்படியே நடந்தது. சில வெள்ளிகளில் அந்தக் கதிரையின் பிரம்பு, யாரோ பாரம் வைத்து இருந்ததுபோல நெரிந்தது. இரண்டு பேருக்கும் கேட்டது.

செத்தவருக்கு வைத்த சோற்றைக் காகம் எடுத்தால் அவர் ஏற்றுக்கொண்டார் என்று அர்த்தம். எடுக்காவிட்டால்? ஏற்றுக்கொள்ள அங்கே ஆள் இல்லை, ஆள் இன்னும் இந்தப் பக்கம்தான் இருக்கிறார். இராசமலர் கணக்கை அப்படித்தான் போட்டாள். பயித்தியக் கணக்கு என்று சொல்லிவிடலாம். ஆனால் வெள்ளிக்கு வெள்ளி மதிலில் இருந்து பார்த்துவிட்டுப் போகிற காகங்களைக் கண்டவர்கள் ஒருவரும் அப்படிச் சொல்லவில்லை. குணேஸ்வரி அந்தியேட்டிப் பேச்சை எடுத்தபோதெல்லாம் அவளிடம் ஒரே பதில்தான் இருந்தது.

“காகம் எடுக்கிற அண்டைக்கு நீங்கள் சொன்னபடி எல்லாம் செய்யிறன், மச்சாள். அதுவரைக்கும் அந்தச் சீட்டை என்ரை கண்ணில காட்டாதேங்கோ.”

பாணை வைத்து அவள் வேறும் பார்த்தாள். நன்றாக எழும்பிய வெள்ளியில் அவர் சுகமாக இருக்கிறார், அமுங்கிப்போனால் காய்ச்சல். தொண்ணூற்றிரண்டு மாசியில் ஒரு பாண் நடுவில் கசந்தது. கஜுவும் கசக்காது, கொட்டங்காயும் கசக்காது. அந்தக் கிழமை முழுக்க அவள் சரியாகச் சாப்பிடவில்லை. அடுத்த வெள்ளி பாண் இனித்தபோதுதான் மூச்சு வந்தது.

இதில் ஒன்று நடந்தது, அவளும் கவனிக்கவில்லை, மற்றவர்களும் கவனிக்கவில்லை. முகாம் வாசலுக்குப் போவது கிழமைக்கு ஒருமுறையானது, பிறகு மாதத்துக்கு ஒருமுறை. தொண்ணூற்றொன்று சித்திரைக்குப் பிறகு அவள் போகவேயில்லை. போய் என்ன, அந்த ஆள் ‘இல்லை’ என்பான். இங்கே காகம் ‘இருக்கிறார்’ என்கிறது. பொய் சொல்லுகிறவனிடம் நடந்துபோய்க் கேட்பதைவிட உண்மை சொல்லுகிறதிடம் வீட்டிலிருந்தே கேட்கலாமே. மனம் நிம்மதியான இடத்தில் கால் நின்றுவிட்டது.

தொண்ணூற்றுநாலு ஆடியில் துறைமுகப் பக்கம் ஏதோ நடந்து மூன்று நாள் ஊரடங்கு போட்டார்கள். வெள்ளிக்கிழமை காலையில் எடுத்தார்கள், ஆனால் கடைகளில் சாமான் இல்லை. வீட்டு அரிசிப்பானை புதன்கிழமையே துடைத்தாயிற்று, இரண்டு பேரும் மரவள்ளிக்கிழங்கு அவித்துத் தின்றார்கள். பாணுக்குப் பஞ்சமில்லை. பருப்பு முன்னமே காய்ந்து தகரப் பேணியில் இருந்தது, கோழி முட்டை போட்டிருந்தது, பக்கத்து வீட்டில் தயிர் இருந்தது. குணேஸ்வரி அன்றைக்கு உரலில் வழமையைவிட அதிக நேரம் குந்தியிருந்தாள். முகம் சரியில்லை. பசிக் களை என்று இராசமலர் நினைத்தாள்.

பாண் அப்படி எழும்பியதே இல்லை. அச்சை மீறிப் பூரித்து நின்றது. குந்தில் வைத்தார்கள். காகம் ஒன்றுகூட வரவில்லை. மதில் வெறுமையாக இருந்தது. இராசமலருக்கு அது முதலில் பிடிபடவில்லை. உச்சிக்குத் துண்டை வெட்டிக் கதிரைக்கு முன்னால் வைத்துவிட்டுத் திரும்பியபோது, குசினி வாசற்படியில் ஒரு காகம் நின்றது. வயதான காகம், உச்சந்தலை மயிர் நரைத்திருந்தது. அது பறக்கவில்லை. வீட்டு ஆள் வேலையால் வருகிறதுபோல உள்ளே நடந்து வந்தது. சீமெந்துத் தரையில் நகம் படுகிற சத்தம் துலக்கமாகக் கேட்டது. கதிரையில் ஏறி, கதிரையிலிருந்து மேசையில் ஏறி, துண்டின் ஓரத்தைக் கொத்தியது. அவசரப்படவில்லை. ஒரு வாய் தின்று, நிமிர்ந்து இராசமலரைப் பார்த்து, மறுபடி ஒரு வாய். முழுத் துண்டையும் தின்று முடித்து, அலகை மேசை விளிம்பில் இரண்டு பக்கமும் துடைத்துவிட்டு, வந்த வழியே நடந்து போனது. அது படி இறங்கியதும் வெளியே எங்கெங்கோ இருந்த காகமெல்லாம் ஒன்றாய்க் கரையத் தொடங்கின.

இராசமலருக்கு நெஞ்சு இல்லை, இருந்த இடத்தில் கல் இருந்தது. பிறகு கல் கொதித்தது. அவள் மச்சாள் பக்கம் திரும்பினாள். மச்சாள் சுவரோடு சாய்ந்து தரையில் இருந்துவிட்டிருந்தாள்.

“என்ன போட்டனீங்கள் அதுக்குள்ளை?”

குணேஸ்வரி வெறும் மடியைத் தடவினாள்.

“அரிசிமா போட்டனீங்களோ? அவரைச் சாக்காட்டித்தான் உங்களுக்கு நிம்மதியோ, மச்சாள்?”

“போடேல்லை,” என்றாள் குணேஸ்வரி. குரல் அவளுடையதாக இல்லை. “மலர், இண்டைக்குத்தான் நான் போடேல்லை.”

இராசமலருக்கு விளங்கவில்லை. குணேஸ்வரி தரையைப் பார்த்தபடி சொன்னாள். முதல் வெள்ளியிலிருந்தே, ஒவ்வொரு வெள்ளியும், இடிக்கிறபோது மடியில் முடிந்து வைத்திருந்த ஒரு பிடி அரிசிமாவை உரலுக்குள் போட்டு வந்திருக்கிறாள். தம்பி செத்துத்தான் போனான், நீ படைக்க விடமாட்டாய், உன் கண்ணுக்குத் தெரியாமலாவது அவனுக்கு ஒரு வாய் போகட்டும் என்றுதான் உரலில் குந்தினேன் என்றாள். அரிசி போட்டும் காகம் தொடாததைக் கண்டு, தம்பிக்குத் தன்னில் ஏதோ கோபம் என்று நாலு வருஷமும் கோயிலில் அழுதிருக்கிறாள். இன்றைக்கு வீட்டில் போட ஒரு மணி அரிசி இல்லை.

அதைச் சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது என்ன என்று குணேஸ்வரிக்கே உறைத்தது. கையால் வாயைப் பொத்தினாள்.

“உயிரோட இருந்தவனுக்கெல்லோ நான் வாய்க்கரிசி போட்டிருக்கிறன்.”

இராசமலர் கணக்கைத் திருப்பிப் போட்டாள். வெள்ளிக்கு வெள்ளி அரிசி வைத்து, காகம் வேண்டாம் என்று போயிருக்கிறது. இருநூறு வெள்ளி. அவள் நினைத்தது அத்தனையும் சரி. போன வெள்ளியும் காகம் பின்பக்கமாக நடந்துதான் போனது. போன வெள்ளி அவர் இருந்தார். எங்கேயோ ஒரு இடத்தில், இந்த ஊர்க் காகம் பறந்து போகிற தூரத்தில், மூச்சு விட்டுக்கொண்டு இருந்தார். அவள் கேட்க வருவாள் என்று வாசல் பக்கம் காது வைத்து இருந்திருப்பார். அவளோ அவர் இருக்கிறார் என்ற நிம்மதியில், வீட்டில் இருந்து கொட்டங்காய் உடைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் காகத்தில் கோபம் வரவில்லை, மச்சாளிலும் வரவில்லை. தன்னுடைய இரண்டு காலிலும்தான் வந்தது.

செருப்பைத் தேடி எடுத்தாள். மூன்று வருஷத்துக்கு மேலாகத் தேயாத செருப்பு. எங்கே போகிறாய் என்று குணேஸ்வரி கேட்கும்போதே படி இறங்கினாள். உச்சி வெயிலில், தலைக்கு முந்தானையும் போடாமல் துறைமுக வீதி நெடுக நடந்தாள். ஊரடங்கு எடுத்த நாளிலும் வீதியில் சனம் இல்லை. கொட்டங்காய் மரங்களில் காகங்கள் இருந்தன, அவள் கடந்து போகப் போக ஒவ்வொரு மரமாகக் கரைச்சல் நின்றது.

முகாம் வாசலில் ஆள் புதிது. தமிழ் தெரிந்தவன்தான். அவள் கிட்ட வரும்போதே, வருகிற பெண்களுக்கெல்லாம் சொல்லுகிற அந்த ஒரு சொல்லுக்கு வாயைத் திறந்து வைத்திருந்தான்.

“ஆளைக் கேட்டு வரேல்லை, ஐயா,” என்றாள் இராசமலர். “பேக்கரியில வேலை செய்த சின்னராசா. போன வெள்ளிக்குப் பிறகு செத்தவர். அவரின்ரை உடம்பைத் தாங்கோ, நான் கொண்டுபோறன்.”

அவன் ‘இல்லை’ என்று சொல்லவில்லை. திறந்த வாயை மூடினான். ஒருமுறை திரும்பி உள்பக்கம் பார்த்தான். பிறகு தடைக்கம்பிக்கு மேலால் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டான்.

“உங்களுக்கு யார் சொன்னது?”